முழங்கால் உயரம்

அசரியா கையில் டேப்போடு அறைக்குள் நுழைந்தபோது, ஜன்னல் திரைக்கு அளவெடுக்கத்தான் போகிறார் என்று சாராள் நினைத்தாள். அவர் பின்னாலேயே மெக்கானிக் துளசிங்கம் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, காதில் செருகிய பென்சிலோடு கூச்சப்பட்டுக்கொண்டு வந்தான். அசரியா கட்டிலின் தலைமாட்டில் குனிந்து டேப்பின் நுனியைத் தலையணையில் அழுத்திப் பிடித்தார். "அந்த நுனியைக் கால்வரைக்கும் இழுத்துப் பிடிப்பா" என்றார். கட்டிலில் படுத்திருந்தது அவருடைய மனைவி புஷ்பம். உயிரோடுதான் படுத்திருந்தாள்.

"சார், அம்மா முயிச்சிகினு கீறாங்க சார்" என்றான் துளசிங்கம்.

"முழிச்சிருந்தா என்னப்பா? அளவுதானே எடுக்கறோம். ஊசியா போடறோம்?"

துளசிங்கம் டேப்பைத் தொடவில்லை. புஷ்பம்தான் அவனைப் பார்த்து மெல்லச் சிரித்தாள். "பிடி தம்பி. பிடிக்கலேன்னா இவர் உன்னை விடமாட்டார். சாப்பிடாம கொஞ்சம் சுருங்கிப் போயிருக்கேன், ஒரு இஞ்ச் கூடப் போட்டுக்கோ."

கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள் சாராள். கிண்ணத்தை வைத்துவிட்டு, அப்பாவின் கையிலிருந்து டேப்பைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்தாள். அது செம்பருத்திச் செடியில் மாட்டிக்கொண்டு தொங்கியது.

"உனக்கு ஒண்ணும் புரியாது, சாராள்" என்றார் அசரியா. கோபம்கூட இல்லை, பொறுமையாகத்தான் சொன்னார். "பெட்டி எவ்வளவு நீளம்னு தெரிஞ்சாத்தான் வண்டித் தளத்துல உருளை எங்கே போடறதுன்னு முடிவு பண்ண முடியும். உங்கம்மாவுக்காகத்தானே இவ்வளவு அவசரப்படறேன்? வண்டியில முதல்ல போறது அவளா இருக்கணும்." அதை அவர் அன்பு என்று நம்பியே சொன்னார். சாராளால் தாங்க முடியாமல் போனது அதுதான்.

இதெல்லாம் நடந்தது அறுபத்தொன்பதாம் வருஷம், கிழக்குத் தாம்பரத்தில். பெத்தேல் காலனி என்று ஒரு முப்பது நாற்பது வீடுகள். வாத்தியார்கள், குமாஸ்தாக்கள், ரிட்டயர் ஆனவர்கள், எல்லோரும் ஒரே சபை. சாராளும் டீச்சர்தான், கல்யாணம் ஆகவில்லை. காலனி ரயில் பாதைக்குக் கிழக்கே, கல்லறைத் தோட்டம் மேற்கே. யார் செத்தாலும் இரும்புலியூர் ரயில்வே கேட்டைத் தாண்டித்தான் போயாக வேண்டும். இதற்கென்று ஒரு நல்லடக்கச் சங்கம் உண்டு. அசரியா அதன் செயலாளர். சர்க்கார் ஆபீஸில் சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆபீஸ் போன பிறகு அதிகாரம் பண்ண அவருக்கு மிச்சமிருந்தது செத்தவர்கள் மட்டும்தான்.

அதுவரை காலனியில் பெட்டி தூக்கியவன் லாசரஸ். கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்துக் குடிசைத் தெருவில் இருப்பவன். குழியை வெட்டிவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு, தம்பிமார்களோடு துக்க வீட்டுக்கு வருவான். பெட்டியைத் தோளில் ஏற்றினால் கேட்டைத் தாண்டிக் குழிக்கரையில்தான் இறக்குவான். அவனும் அதே சபைதான், சங்கத்தில் சந்தா கட்டுகிற உறுப்பினனும்கூட. கோயிலில் செருப்பு விடுகிற கதவோரம் கடைசி வரிசையில் உட்காருவான். ஞானஸ்நானம் எல்லோருக்கும் ஒரே தண்ணீரில் கொடுத்தார்கள், காப்பியை மட்டும் அவனுக்கு வேறு டம்ளரில் கொடுத்தார்கள்.

சங்கத் தலைவர் ஏசுதாசனின் தாயார் செத்தது நல்ல சித்திரை வெயிலில். லாசரஸும் தம்பிகளும் பெட்டியைத் தூக்கி வரும்போது அவர்கள் உடம்பிலிருந்து சொட்டிய வேர்வை, ஏசுதாசன் வீட்டுப் புது மொசைக் தரையில் வாசல்வரை கோடு போட்டுவிட்டது. ஏசுதாசனின் மனைவி ரத்தினபாய் அழுவதை நிறுத்திவிட்டு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒரு மாதம் அவளுக்கு வேறு பேச்சு இல்லை. "ஃபினாயில் ஊத்திக் கழுவிக் கழுவி என் கை ஓஞ்சு போச்சு. ஹாலுக்குள்ள, சோபா வரைக்கும் வந்து நிக்கறாங்க. நாமளே தூக்கிக்க ஒரு ஏற்பாடு பண்ண முடியாதா?"

பண்ண முடியும் என்றார் அசரியா. பல்லாவரத்தில் ஒரு பழைய மிலிட்டரி டாட்ஜ் வண்டி கிடைத்தது. பட்டாளம் கழித்துக் கட்டிய பிறகு யாரோ ஒரு தோல் வியாபாரி அதில் பச்சைத் தோல் ஏற்றிக்கொண்டிருந்தார். வண்டி காலனிக்குள் நுழைந்த அன்று நாய்கள் எல்லாம் அதன் பின்னாலேயே ஓடிவந்தன. அசரியா டெட்டால் ஊற்றிக் கழுவச் சொன்னார். கழுவிய பிறகு டெட்டாலும் பச்சைத் தோலும் சேர்ந்து நாறின.

நாற்றம்கூடப் பெரிய சங்கடமில்லை. வண்டியின் தளம் மார்பு உயரத்தில் இருந்தது. சங்கத்து மூப்பர்கள் எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். ஒருவருக்குக் குடலிறக்கம், ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு, ஒருவருக்கு இடுப்புப் பிடிப்பு. அவர்களால் பெட்டியை அவ்வளவு உயரம் ஏற்ற முடியாது. ஏற்ற வேண்டுமானால் மறுபடியும் லாசரஸைத்தான் கூப்பிட வேண்டும். அவனைக் கூப்பிடுவதற்கு வண்டி எதற்கு? அதனால் தளம் முழங்கால் உயரத்துக்கு இறங்க வேண்டும், மூப்பர்கள் பெட்டியை வைத்துத் தள்ளினால் தானே உள்ளே போய்விட வேண்டும் என்று அசரியா தீர்மானம் போட்டார். எல்லோரும் கை தூக்கினார்கள்.

துளசிங்கத்தின் ஷெட் சேலையூர் போகிற வழியில், வேளச்சேரி ரோட்டில் இருந்தது. எப்போதோ ஒரு சினிமாக் கம்பெனிக்காக ஒரு காரைத் தரையோடு தரையாக இறக்கிக் கொடுத்தவன். அந்தப் பெருமையிலேயே பத்து வருஷம் ஓட்டிவிட்டான்.

"சேஸை முன்னாடி ஒரு எடம், பின்னாடி ஒரு எடம் வெட்டிடலாம் சார்" என்று வண்டியின் அடிச்சட்டத்துக்கு நேராக விரலால் காற்றில் கோடு போட்டுக் காட்டினான். "நடுவுல படிக்கட்டு மாரி ஒரு அடி எறக்கி, தகடு வச்சி வெல்டிங் அட்ச்சுடலாம். அடியில ஸ்பிரிங் பட்டைய ரெண்டு ரெண்டா உருவிட்டா இன்னும் பணியும். வவுறு ரோட்டை ஒரசறா மாரி சும்மா ஜம்முனு போவும் சார்!"

"வயிறு ரோட்டை உரசாம இருந்தாச் சரி" என்று ஏசுதாசன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

இந்த ஏற்பாட்டைக் கேள்விப்பட்ட அன்றே புஷ்பம் கணவனிடம் சொல்லிவிட்டாள். "வண்டியில யாரை வேணும்னாலும் ஏத்திக்கங்க. என்னை லாசரஸ் தூக்கட்டும். எபியை எடுத்த கை என்னையும் எடுக்கணும்."

எபி என்கிற எபநேசர் சாராளின் தம்பி. ஐந்து வயதில் தொண்டை அடைப்பான் வந்து செத்தான். ஒட்டிக்கொள்ளும் வியாதி என்று காலனியில் ஒரு வீட்டுக் கதவு திறக்கவில்லை. மூப்பர்கள் தெருமுனையில் நின்று ஜெபம் பண்ணினார்கள். பெற்ற தகப்பன் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றார். அன்றைக்கு லாசரஸ் உள்ளே வந்தான். பெட்டிகூட வருவதற்குள், பிள்ளையைத் தன் துண்டில் சுற்றி, தூங்குகிற குழந்தையைத் தூக்குவதுபோலத் தோளில் சாய்த்துக்கொண்டு கல்லறைத் தோட்டம்வரை நடந்தான். சாராளுக்கு அப்போது பதினோரு வயது. லாசரஸின் தோளில் எபியின் தலை ஆடிக்கொண்டே போனதையும், அப்பாவின் அந்த வெள்ளைக் கைக்குட்டையையும் அவள் மறக்கவே இல்லை.

"சின்னப்புள்ளத்தனமாப் பேசாதே புஷ்பம்" என்றார் அசரியா. "செயலாளர் வீட்டுலேயே லாசரஸைக் கூப்பிட்டா சங்கம் என்ன ஆகறது?"

புஷ்பம் அவரை விட்டு மகள் பக்கம் திரும்பினாள். சாராளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "நீ பார்த்துக்கோ" என்றாள்.

"லாசரஸ் அண்ணாதான் தூக்குவார். நான் இருக்கேன்" என்று சாராள் சொல்லிவிட்டாள். எப்படி என்று அவளுக்கே தெரியவில்லை.

ஒரு நாள் அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டது. அப்பாவைக் கூப்பிட சாராள் ஷெட்டுக்கு ஓடினாள். டாட்ஜின் மேல்பாகம் எல்லாம் கழற்றி ஓரமாக வைத்திருந்தார்கள். வெறும் சேஸ் மட்டும் கட்டைகளின் மேல் படுத்துக் கிடந்தது. துளசிங்கம் கேஸ் நெருப்பால் அதை வெட்டிக்கொண்டிருந்தான். இரும்பில் வருஷக்கணக்காக ஊறிப்போயிருந்த தோல் கொழுப்பு அந்தச் சூட்டில் உருகிப் புகைந்தது. செத்த மாட்டை இரண்டாவது தடவை கொளுத்துகிற மாதிரி ஒரு நாற்றம். அசரியா அதன் பக்கத்தில் கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, நகராமல் நின்றிருந்தார்.

"அப்பா, அம்மாவுக்கு முடியல. டாக்டர் வந்திருக்கார்."

"இதோ, இந்தப் பக்கம் விழுந்துடும். விழுந்ததும் வந்துடறேன்" என்றார் அசரியா, அவளைப் பார்க்காமலே.

சேஸ் வெட்டுப்பட்டு ஒரு பக்கம் டமாரென்று தரையில் இறங்கியது. அவர் கைக்குட்டையை எடுத்துவிட்டு, பிள்ளை பிறந்த சேதி கேட்டவர்போலச் சிரித்தார். சாராள் காறித் துப்பிவிட்டுத் திரும்பி நடந்தாள். அப்படித் துப்புகிற பழக்கம் அவளுக்கு அதற்கு முன் கிடையாது.

வண்டி தயாரானது. கறுப்புப் பெயின்ட், வெள்ளைச் சிலுவை, பக்கவாட்டில் உட்காரப் பலகை, தளத்தில் மர உருளைகள். தளம் சரியாக முழங்கால் உயரம். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் அதன் வயிறு பெருத்துத் தொங்கியது. அதைத்தான் எல்லோரும் குனிந்து பார்த்துப் பாராட்டினார்கள்.

"கல்லறைத் தோட்டத்துக்கே ஓட்டிக்கொண்டு போய் அங்கே பிரதிஷ்டை ஜெபம் செய்யலாமே" என்றார் போதகர்.

ரத்தினபாய் பதறிப்போனாள். "ஐயய்யோ, காலி வண்டியை அங்கே கொண்டு போகவே கூடாது. காலியாப் போனா ஆளைக் கூப்பிடும்."

கர்த்தரைத் தவிர வேறு எதற்கும் பயப்படாத சபை அது. நல்ல நேரம் பார்க்கிறவர்களையும் பூனை குறுக்கே போனால் திரும்பி வருகிறவர்களையும் கேலி செய்து நோட்டீஸ் அடித்து விநியோகிக்கிற சபை. ஒருவர்கூட ரத்தினபாயை மறுத்துப் பேசவில்லை. "நம்பிக்கைன்னு இல்ல, ஒரு ஜாக்கிரதைதான்" என்றார் அசரியா. ஆக, ஜெபம் காலனியிலேயே நடந்தது. துளசிங்கம் வண்டியைக் காலனியின் சமதளத் தெருக்களில் சுற்றி ஓட்டிக் காட்டினான். ரயில்வே கேட் பக்கம் அது போகவே இல்லை.

அந்த வாரம் லாசரஸ் புஷ்பத்தைப் பார்க்க இரண்டு இளநீரோடு வந்தான். ஜன்னலுக்கு வெளியே நின்று, "இன்னாமா, எப்பிடி கீற?" என்று கேட்டான். புஷ்பம் ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டினாள். "என்னை நீதான் தூக்கணும், லாசரஸ்" என்றாள்.

"அதுக்கு இன்னும் எம்மாம் நாளு கீது, சும்மா இரும்மா" என்று அவன் சிரித்து மழுப்பினான்.

அசரியா வாசலுக்கு வந்தார். "லாசரஸ், இனிமே குழி வெட்டறதோட உன் வேலை சரி. வீடுகளுக்கு வர வேண்டாம். சங்கத்துல முடிவு பண்ணியாச்சு."

"அய்யா சொன்னா சரி."

சாராள் வீட்டு கேட்வரைக்கும் கூடவே போனாள். வெட்கத்தில் முகத்தை நிமிர்த்தவில்லை. லாசரஸே சொன்னான். "எனுக்கு ஒண்ணியும் இல்ல டீச்சரம்மா. தோள் வலி மிச்சம். அம்மா வாயத் தொறந்து கேட்டுகினாங்களே, அதான் பேஜாரா கீது."

ஐப்பசி மழைக்கு நடுவே, ஒரு விடியற்காலை புஷ்பம் செத்துப்போனாள். சாராள் அழுது முடிப்பதற்குள் வாசலில் வண்டி பின்பக்கமாக வந்து நின்றுவிட்டது. ஈரத்தில் அதன் பச்சைத் தோல் நாற்றம் மறுபடியும் கிளம்பியிருந்தது. அசரியா ஒரு புட்டி ஓடிகோலனை உள்ளே தெளித்துக்கொண்டிருந்தார். சாராள் போய் அவர் எதிரில் நின்றாள்.

"அப்பா, லாசரஸ் அண்ணாவைக் கூப்பிடுங்க. அம்மா கடைசியாக் கேட்டது இது ஒண்ணுதான்."

"எல்லாரும் பார்த்துக்கிட்டிருக்காங்க, சாராள்."

"பார்க்கட்டும். அம்மாவை வச்சு உங்க வண்டிக்கு வெள்ளோட்டம் விடறீங்களா?"

போதகர் வேதாகமத்தைப் பார்த்தார். ரத்தினபாய் வந்து சாராளின் தோளை அணைத்துப் பிடித்து உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். "துக்க வீட்டுல சத்தம் போடக் கூடாதும்மா. அப்பா மனசு என்ன பாடுபடும்?"

நாலு மூப்பர்கள் கட்டிலிலிருந்து பெட்டியை முக்கி முனகி வாசல்வரை கொண்டுவந்து வண்டியின் விளிம்பில் வைத்தார்கள். ரொட்டிக் கடைக்காரன் அடுப்பில் தட்டைத் தள்ளுவதுபோல ஒரே தள்ளு. உருளைகள் கடகடவென்று ஓட, பெட்டி போய் உள்சுவரில் இடித்து நின்றது. உள்ளே அம்மாவின் தலையும் இடித்திருக்கும். "எவ்வளவு டீசன்டா இருக்கு பார்த்தீங்களா" என்று ரத்தினபாய் யாரிடமோ மெதுவாகச் சொன்னது சாராள் காதில் விழுந்தது. அவளுக்கு அந்த வீடு, அந்த மனிதர்கள், அவர்களுடைய வெள்ளை வேட்டி எல்லாவற்றின் மேலும் வாந்தி எடுக்க வேண்டும்போல இருந்தது.

மூப்பர்கள் பெட்டிக்கு இரண்டு பக்கமும் பலகையில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். முழங்கால் உயரம்தானே, ஏறுவதும் சுலபமாக இருந்தது. அசரியா முன்னால் துளசிங்கத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். போதகரும் பெண்களும் மற்றவர்களும் பாட்டுப் பாடிக்கொண்டு பின்னால் நடந்தார்கள்.

இரும்புலியூர் கேட்டில் தண்டவாளம் ரோட்டைவிட மேடு. ரோடு ஏறி, தண்டவாளத்தைத் தாண்டி, மறுபடி இறங்கும். மாட்டு வண்டி, லாரி, பஸ், லாசரஸின் தோளில் போன அத்தனை பெட்டிகள், எல்லாமே ஏறி இறங்கிய மேடு. வண்டியின் முன்சக்கரங்கள் அதில் ஏறித் தண்டவாளத்தைத் தாண்டிக் கீழே சாய்ந்தன. அடுத்த நொடி இரும்போடு இரும்பு மோதுகிற சத்தம் கேட்டது. இறக்கிய வயிறு தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்துவிட்டது. பின்சக்கரங்கள் இருந்த இடத்திலேயே சேற்றை வாரியடித்துக்கொண்டு சுற்றின. துளசிங்கம் முன்னால் போட்டுப் பார்த்தான், பின்னால் போட்டுப் பார்த்தான். புகை வந்ததே தவிர வண்டி அசையவில்லை.

கேட் கீப்பர் கொட்டகையிலிருந்து ஓடிவந்தான். "யோவ், இன்னாய்யா இது, மேடு கீதுன்னு தெரியாது? செங்கல்பட்டு பாசஞ்சர் வர டைம்யா! எடுய்யா வண்டிய!" என்று கத்திவிட்டு, சிவப்புக் கொடியைப் பிரித்துக்கொண்டு தண்டவாளத்தோடு ஓடினான்.

வண்டிக்குள் இருந்த மூப்பர்களைப் பார்த்திருக்க வேண்டும். குடலிறக்கக்காரரும் இடுப்புப் பிடிப்புக்காரரும் பெட்டியைத் தாண்டிக் குதித்தார்கள். ஏசுதாசன் பெட்டியின் மூடியில் கால் வைத்துத்தான் இறங்கினார், வேட்டி அவிழ்ந்ததைக்கூடக் கவனிக்காமல் ரோட்டோரம்வரை ஓடினார். தெருமுனையில் நின்று எபிக்காக ஜெபித்த அதே ஆட்கள்தான். பெட்டி மட்டும் தண்டவாளத்தின் மேல் தனியாக இருந்தது.

அசரியா ஓடவில்லை. இறங்கி, சேற்றில் மண்டியிட்டு, வண்டிக்கு அடியில் பார்த்தார். "ரெண்டு இஞ்ச்தான், துளசிங்கம். ரெண்டு இஞ்ச் தூக்கினாப் போதும்" என்றார்.

கேட்டுக்கு அந்தப் பக்கம் லாசரஸ் நின்றிருந்தான். குழி வெட்டிய சேறு முழங்கால்வரை அப்படியே இருந்தது. பக்கத்தில் அவன் தம்பிகள். வீட்டுக்குத்தான் வரக்கூடாது, கேட்டருகில் நின்று அம்மா போவதையாவது பார்க்கலாம் என்று வந்திருக்க வேண்டும். சாராள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு தண்டவாளத்துக்கு ஓடினாள்.

"அண்ணா!" என்றாள். அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவர்கள் ஓடிவந்தார்கள். அசரியா நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் நிம்மதி வந்தது. "வந்துட்டியா? நல்லதாப் போச்சு. ஆளுக்கு ஒரு மூலை பிடிச்சு வண்டியைத் தூக்குங்கடா. சீக்கிரம்."

லாசரஸ் திகைத்து நின்றான். "பொட்டி உள்ள கீதே அய்யா."

"பெட்டி பாட்டுக்கு இருக்கட்டும். முதல்ல வண்டியைத் தூக்கு."

தூரத்தில் ரயில் ஊளையிட்டது. சாராள் திறந்து கிடந்த பின்கதவு வழியே பெட்டியின் பிடியைத் தானே இரண்டு கையாலும் பற்றி இழுத்தாள். உருளைகள் அப்பா போட்டதுதான், அம்மா சுலபமாக வந்தாள். லாசரஸ் அசரியாவிடம் எதுவும் கேட்கவில்லை. முன்பக்கத்தைத் தோளில் வாங்கிக்கொண்டான், தம்பிகள் மற்ற மூலைகளைப் பிடித்தார்கள். அவர்கள் மேட்டிலிருந்து இறங்கும்போது பாசஞ்சர் கேட் கீப்பரின் கொடிக்கு அடங்கி எட்டத்திலேயே நின்றுவிட்டது. பயணிகள் ஜன்னல்தோறும் தலையை நீட்டி வேடிக்கை பார்த்தார்கள்.

"ஓரமா இறக்கி வை" என்று அசரியா பின்னாலிருந்து கூப்பிட்டார். "வண்டி இப்போ வெளியே வந்துடும். மறுபடி உள்ளே வச்சு வண்டியிலேயே போகலாம். லாசரஸ்! இறக்கி வைன்னு சொல்றேன்!"

லாசரஸ் நின்றான். முப்பது வருஷமாக அந்தக் குரலுக்கு நின்று பழகிய கால். தோளில் பாரத்தோடு, மழைத் தூறலில், சாராளின் முகத்தைப் பார்த்தான்.

"நடங்க அண்ணா" என்றாள் சாராள்.

அவன் நடந்தான். போதகர் ஒரு கணம் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் பெட்டியின் பின்னால் போனார். பெண்கள் போனார்கள். மூப்பர்களும் வேட்டியைக் கட்டிக்கொண்டு, யார் முகத்தையும் யாரும் பார்க்காமல் போனார்கள். "ஜாக்கியைக் கொண்டா, துளசிங்கம்" என்கிற அப்பாவின் குரல் மட்டும் சாராளின் முதுகுக்குப் பின்னால் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

குழி எபியின் கல்லறைக்குப் பக்கத்தில் வெட்டியிருந்தது. "அசரியா சார் வரட்டுமே" என்றார் போதகர். ஒரு பாட்டு முழுக்கப் பாடினார்கள். இன்னொரு பாட்டையும் பாடினார்கள். மழை வலுத்தது.

"குயிக்குள்ள தண்ணி ஊறிகினு கீது டீச்சரம்மா" என்றான் லாசரஸ், மெதுவாக.

"ஆரம்பிங்க ஐயா" என்றாள் சாராள் போதகரிடம். லாசரஸ் கயிற்றைத் தம்பிகளிடம் முழுதாக விடாமல் ஒரு பக்கத்தைத் தானே பிடித்து, பெட்டி எங்கும் இடிக்காமல் இறக்கினான். முதல் பிடி மண்ணைச் சாராள் போட்டாள். மூடி, மேடு தட்டி, பூ வைக்கிறவரைக்கும் அசரியா வரவில்லை.

அப்புறம்தான் எஞ்சின் சத்தம் கேட்டது. நின்றுபோன ரயிலிலிருந்து இறங்கிய பயணிகள் சேர்ந்து தள்ளி வண்டியை விடுவித்திருந்தார்கள். கல்லறைத் தோட்டத்து வாசலில் அது நிற்பதற்குள் அசரியா குதித்து இறங்கினார். நேராகப் பின்பக்கம் போய், பழக்கதோஷம்போல இரண்டு கதவையும் விரியத் திறந்து பிடித்துக்கொண்டார். உள்ளே உருளைகளும் நசுங்கிய ரோஜா இதழ்களும்தான் இருந்தன.

"சாராள், வெல்டிங் ஒண்ணும் ஆகல. சேஸ் அப்படியே நிக்குது" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், மண்மேட்டைப் பார்த்து நின்றார். "முடிஞ்சுதா?" என்றார்.

அவர் முகம் கோணிக்கொண்டு வந்தது. அந்த ஒரு நொடி சாராளின் மனசு இளகியது. என்ன இருந்தாலும் அப்பா, போய்ப் பிடித்துக்கொள்ளலாம் என்று ஓரடி எடுத்து வைத்தாள். அதற்குள் லாசரஸ் குனிந்து ஈர மண்ணில் ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் வைத்து அவரிடம் நீட்டினான்.

"மண்ணு போடுங்க அய்யா. அம்மா காத்துகினு கீறாங்க."

அசரியா அந்தக் கையைப் பார்த்தார். சேறு, கயிறு அறுத்த ரத்தக்கோடு, வேர்வை. பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தார். அதை இரண்டு கையிலும் விரித்து ஏந்தி, "இதுல போடு" என்றார்.

லாசரஸ் போட்டான். அசரியா அதை மேட்டின் மேல் உதறிவிட்டு, நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

எடுத்து வைத்த அடியைச் சாராள் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "மழையில நனையாதே, வண்டியில ஏறு" என்று அப்பா கூப்பிட்டது கேட்டது. அவள் லாசரஸிடம் போய், அவன் சேற்றுக் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அந்தச் சேற்றைத் துடைக்காமலே கேட்டைத் தாண்டி வீட்டுக்கு நடந்தே போனாள்.